சக்கரத்தில் படிந்த இரும்பு

அந்தமானில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. சன்னல் கம்பி, கதவின் கீல், துணி உலர்த்தும் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி என எதைப் புதிதாக வாங்கி வைத்தாலும், ஓராண்டிற்குள் அது செம்பழுப்பு நிறம் கொள்ளத் தொடங்கிவிடும். ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மழையில்லாத நாளிலும் கடலுப்பைச் சுமந்துவரும் காற்று. திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்குத் துரு என்பது மழைக்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி. இங்கோ அது வீட்டிலேயே குடியிருக்கிறது.

மத்தியப் பள்ளியின் தமிழாசிரியையாக மாறுதல் பெற்று நான் வந்திறங்கியபோது இவ்வூர் போர்ட் பிளேராக இருந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறிற்று. கடைவீதியில் இன்னும் பழைய பெயரே புழங்குகிறது. மேடும் பள்ளமுமான ஊர் இது. எங்குச் செல்வதானாலும் ஓர் ஏற்றம் ஏறி ஓர் இறக்கம் இறங்க வேண்டும். இங்குப் பணிபுரிந்து மாறுதலாகிச் செல்வோர் பலர் தம் காரைக் கப்பலேற்றித் தாயகத்திற்குக் கொண்டுபோவதில்லை; புதிதாக வருவோர்க்கு விற்றுவிட்டுச் செல்கிறார்கள். சென்னைக்கும் இவ்வூருக்கும் நடுவே கிடப்பது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் அல்லவா! அவ்வாறு மூவரிடம் இருந்துவிட்டு நான்காவதாக என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளைக் கார்.

காரின் உடற்பகுதி பளிச்சென்றே இருந்தது. சக்கரங்கள் மட்டும் புதையலில் எடுத்த செப்புக்காசு போலக் கறுத்துப் பழுத்திருந்தன. அவை அலுமினியக் கலவையில் வார்த்த அலாய் சக்கரங்கள். வெள்ளி நிறத்தில் இருந்திருக்க வேண்டியவை. சோப்பு நீர் ஊற்றித் தேய்த்தபோது மேலே இருந்த சேறு போயிற்று. அடியில் இருந்த பழுப்பு அசையவில்லை. விரலால் தடவினால் உப்புத்தாளைத் தொடுவது போன்ற சொரசொரப்பு. அலுமினியம் இப்படிச் செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது என்பது எட்டாம் வகுப்பு மாணவர்க்கும் தெரியும். அப்படியானால் இந்தத் துரு எங்கிருந்து வந்தது?

அது பிரேக்கிலிருந்து வந்தது. காரின் முன்சக்கரங்களுக்குள் வார்ப்பிரும்பால் ஆன வட்டு ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அதனைப் பிரேக் டிஸ்க் என்பர். நாம் பிரேக்கை மிதிக்கும்போது, பிரேக் பேட் எனப்படும் இரண்டு தட்டைக் கட்டைகள் இருபுறமிருந்தும் அவ்வட்டை இறுகப் பற்றுகின்றன. அப்பிடியில் ஓட்டம் வெப்பமாக மாறுகிறது, வண்டி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் பேடும் வட்டும் சிறிது தேய்கின்றன. தேய்ந்த பொடியே பிரேக் தூசி. அதில் இரும்புத் துகளும், கரிக்கட்டியின் உறவினமாகிய கிராஃபைட்டும், பேடின் பொருள்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசினின் துணுக்குகளும் கலந்திருக்கும். வாகனம் நிற்கும்போது அதன் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் பணியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை முன் பிரேக்குகளே செய்கின்றன. பல சிறிய கார்களில் பின்சக்கரத்திற்கு டிரம் எனப்படும் மூடிய உருளைப் பிரேக் உண்டு; அது தன் தூசியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் முன்சக்கரங்கள் பெரிதும் கறுக்கின்றன.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. திருவாரூர் ஆழித்தேரை அறியாதார் யார்? அவ்வளவு பெரிய தேரை வீதி திரும்பும் இடத்தில் நிறுத்தவும் திசை மாற்றவும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டைகளைச் செருகுவார்கள். அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். சக்கரம் ஏறி உரசும்போது கட்டை கருகும் மணம் சில வேளைகளில் வீதியில் நிற்பவர் மூக்கிற்கும் எட்டும். கட்டை சிதைந்து சிம்புகளாய்ச் சிதறும். சக்கரத்தில் அதன் கறை ஒட்டிக்கொள்ளும். பிற்காலத்தில் திருச்சியிலுள்ள பெல் நிறுவனத்தார் அத்தேருக்கு இரும்பு அச்சும் நீரியல் பிரேக்கும் பொருத்தித் தந்தனர். ஆயினும் கட்டை போடுவோரின் தொழில் மறையவில்லை. 'முட்டுக்கட்டை போடாதே' என்று பிறரை நாம் கடிந்துகொள்கிறோம். தேரடியில் நின்று பார்த்தவர்க்கு அச்சொல்லை வசைச்சொல்லாகப் பயன்படுத்த மனம் வராது.

தூசிதானே, நீரில் கழுவினால் போகாதா என்று கேட்கலாம். வந்த அன்றே கழுவினால் பெரும்பாலும் போகும். ஊருக்குள் ஓட்டும்போதே பிரேக் வட்டின் வெப்பம் 100 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. நீண்ட இறக்கத்தில் அது 300 பாகையையும் எட்டக்கூடும். அவ்வெப்பத்தில் பறந்துவரும் இரும்புத்துகள் சக்கரத்தின் மேலுள்ள பளபளப்புப் பூச்சில் சூட்டோடு சென்று தைக்கிறது. பிசினின் துணுக்கு அதனை அங்கேயே ஒட்டிவைக்கிறது. அடுத்த நாளும் அடுத்த நாளும் அதன்மேல் புதிய அடுக்குகள் சுடப்படுகின்றன. பிறகு மழை வருகிறது. தைத்திருக்கும் துகள் துருப்பிடிக்கிறது. துருவோ தான் பிறந்த இரும்பைவிட இருமடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. அது விரியும்போது பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகிறது. வெடிப்பின் வழியே உப்புநீர் இறங்குகிறது.

தீவில் இன்னொன்றும் நடக்கிறது. மழைநாளில் காரை இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பிரேக் வட்டு முழுவதும் செம்மஞ்சளாகத் துருப்பிடித்துவிடும். மூன்றாம் நாள் காலை முதன்முறை பிரேக்கை மிதிக்கும்போது கரகரவென்ற ஓசையோடு அத்துரு சுரண்டப்பட்டுச் சக்கரத்தின்மேல் பொழிகிறது. சென்னையில் ஓடும் காரின் சக்கரம் கறுப்பது. இங்கு ஓடும் காரின் சக்கரம் சிவப்பது. இவ்வேறுபாட்டை நான் இரண்டு ஊர்களிலும் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இனி, போக்கும் வழி. இதற்கு மருந்து சொல்லாதவர் எங்கள் குடியிருப்பில் இல்லை. ஒருவர் பித்தளைப் பாத்திரத்திற்குப் போடுவதுபோலப் புளி போடச் சொன்னார். ஒருவர் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் என்றார். பாத்திரம் துலக்கும் கம்பிநாரைப் பரிந்துரைத்தவரும் உண்டு. கம்பிநார் பூச்சைக் கீறும். அதனினும் கேடு, உடைந்த கம்பித்துணுக்குகள் அக்கீறலில் தங்கி அவையும் துருப்பிடிக்கும். பழைய இரும்பை நீக்கப் புதிய இரும்பை நட்டதாக முடியும். சலவைச் சோடா, காஸ்டிக் சோடா போன்ற காரப்பொருள்கள் அலுமினியத்தையே அரிப்பவை. அவற்றை அலாய் சக்கரத்தின் அருகில் கொண்டுசெல்லவே கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை ஒரு பிளாஸ்டிக் புட்டியோடு வந்து நின்றான். அவன் அண்ணன் வாகனம் கழுவும் வாட்டர் சர்வீஸ் கொட்டகை ஒன்றில் வேலை செய்கிறார். "மேடம், அண்ணன் இதைத்தான் அடிப்பார். ஒரே நிமிஷம். வெள்ளி மாதிரி ஆகிவிடும்" என்றான். புட்டியின்மேல் பெயர் இல்லை. மூடியைச் சற்றே திறந்ததும் மூக்கில் ஏறிய காரம், அது கழிவறை கழுவும் வகையைச் சார்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று சொல்லிற்று. அமிலம் துருவைக் கரைக்கும் என்பது மெய்யே. ஆனால் அது துருவோடு நிற்பதில்லை. பூச்சை மங்கச் செய்து, வெடிப்பின் வழியே அலுமினியத்தையும் தின்னும். கழுவி முடித்த அன்று வெள்ளியாய் மின்னும் சக்கரம் சில மாதங்களில் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடும்.

சக்கரத்தைப் பற்றி நான் அவனிடம் அதிகம் பேசவில்லை. அண்ணனின் கைகளைப் பற்றித்தான் கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு, "தோல் உரியும் மேடம். சோறு பிசைந்தால் எரியும் என்பார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்" என்றான். மறுநாள் அவரையே நேரில் பார்த்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும். நகங்கள் மஞ்சளாகி ஓரங்கள் சிதைந்திருந்தன.

சக்கரம் கழுவ விற்கப்படும் கடுமையான திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதனை உண்டாக்கும் உப்புகளோ கலந்திருப்பதுண்டு. பிற அமிலங்கள் பட்டவுடன் சுடும். கையை உதறி நீரில் கழுவுவோம். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ பட்டபோது பெரிதாக வலிக்காமல், தோலைக் கடந்து உள்ளே சென்று, சில மணி நேரம் கழித்தே வலியைக் காட்டும். உடலிலுள்ள கால்சியத்தோடு அது சேர்ந்துவிடும்; மிகுதியாகப் பட்டால் இதயத்துடிப்பே பாதிக்கப்படும். அதற்கு மருத்துவர்கள் கால்சியம் குளூக்கோனேட் களிம்பைப் பயன்படுத்துகின்றனர். பெயரில்லாப் புட்டியில் எந்த அமிலம் உள்ளதென்று கையில் ஊற்றிக்கொள்பவருக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இரண்டு இணையும் வாங்கிக் கொடுத்தேன். அவர் இப்போது கையுறை அணிகிறார். அமிலத்தை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. "வண்டிக்காரர் பத்து நிமிடத்துக்குமேல் நிற்கமாட்டார் டீச்சர்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்திற்கு விலை கொடுப்பது யார் கை என்பதை வண்டிக்காரர்தாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அமிலமும் காரமும் இல்லாமல் இரும்பை மட்டும் தேடிப் பிடிக்கும் திரவம் ஒன்று கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. அயர்ன் ரிமூவர் என்பார்கள். அதன் முதன்மைப் பொருள் பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட் அல்லது அதன் சோடிய உறவு. பெயர் அச்சுறுத்தினாலும் அது அழகு நிலையங்களுக்குப் பழையது. முடியைச் சுருட்டும் மருந்துகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம். அது இரும்போடு சேரும்போது ஊதா நிறக் கூட்டுப்பொருள் உண்டாகி நீரில் கரைகிறது. அமிலத்தின் கொடுமை இதற்கில்லையாயினும் இதற்கும் கையுறை வேண்டும். மூடிய இடத்தில் பயன்படுத்துதல் ஆகாது.

ஓர் இரண்டாம் சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். கார் முந்தைய இரவிலிருந்தே நின்றிருந்ததால் சக்கரங்கள் குளிர்ந்திருந்தன. இது முதன்மையானது. சூடான சக்கரத்தில் எந்தத் திரவமும் உடனே உலர்ந்து தானே ஒரு கறையாகும்; சூடான வட்டில் தண்ணீரைக் கொட்டினால் வட்டு கோணிக்கொள்ளவும் கூடும். தகரக் கூரையிலிருந்து வடியும் மழைநீரை இரண்டு பீப்பாய்களில் பிடித்து வைத்திருந்தேன். கோடையில் குழாய்த்தண்ணீர் நாள்விட்டு வரும் ஊரில் காரைக் குழாய்நீரில் குளிப்பாட்டுவது அக்கம்பக்கத்தார்க்கு முன் செய்யத்தக்க செயலன்று.

முதலில் நீரால் நனைத்துத் தளர்ந்த தூசியை வடியவிட்டேன். உலர்ந்த தூசியைத் தட்டுவதோ துடைப்பதோ வாயால் ஊதுவதோ கூடாது. முற்காலப் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்து நோய் தரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005 முதல் கல்நார் முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய வண்டியில் எந்தப் பேட் மாட்டியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்நார் இல்லாத தூசியும் மூச்சில் போகத்தக்கதன்று. நனைத்துவிட்டால் அது பறக்காது.

பிறகு ஒரு சக்கரத்திற்கு மட்டும் திரவத்தைத் தெளித்தேன். அரை நிமிடம் எதுவும் நிகழவில்லை. அப்புறம் அங்கங்கே ஊதாப் புள்ளிகள் தோன்றின. அவை கோடுகளாக நீண்டு, நாவற்பழச் சாறு வழிவதுபோல ஆரங்களின் வழியே ஒழுகின. புட்டி கொண்டுவந்த மாணவன் அருகில்தான் குந்தியிருந்தான். "மேடம், சக்கரத்துக்கு இரத்தம் வருது!" என்றான். நான்கைந்து நிமிடம் கழித்து, திரவம் உலர்வதற்குமுன், மென்மையான பெயின்ட் தூரிகையால் மூலை முடுக்குகளையும் நட்டுகளின் குழிகளையும் தேய்த்து நீர் ஊற்றினேன். பழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. மீண்டும் அதே வேலை, மீண்டும் ஊதா. மூன்றாம் முறை தெளித்தபோது ஊதா மிக வெளிறியே வந்தது. இரும்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. எஞ்சிய கரும்புள்ளிகளைக் கார் மெருகூட்டுவோர் பயன்படுத்தும் களிமண் கட்டியைச் சோப்பு நீரில் நனைத்து மெல்ல உருட்டி எடுத்தேன். நான்கு சக்கரம் முடிய நான்கு மணி நேரமாயிற்று. முதுகு வலித்தது. உலர்ந்தபின் மெழுகு பூசினேன். மெழுகிட்ட பரப்பில் அடுத்த தூசி அவ்வளவு எளிதில் வேர்விடாது. வட்டின்மேல் மட்டும் மெழுகு பட்டுவிடக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. கடைசியாகக் காரைத் தெருமுனை வரை மெல்ல ஓட்டி, நான்கைந்து முறை மிதித்து, வட்டுகளில் இருந்த ஈரத்தைப் போக்கினேன்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சனிக்கிழமை அன்று. அதற்குப் பின் வந்த இரண்டு வாரங்கள்.

பத்து நாளில் முன்பக்க இடச்சக்கரம் மீண்டும் கறுத்தது. வலச்சக்கரத்தில் விரலால் தொட்டுப் பார்த்தால் மட்டும் தெரியும் சாம்பற்பொடி. இடச்சக்கரத்திலோ எட்ட நின்றே தெரியும் கருமை. இரண்டும் ஒரே வண்டியில், ஒரே சாலையில், ஒரே கால் மிதிக்கும் பிரேக்கில் ஓடுபவை. ஒன்று மட்டும் ஏன் மிகுதியாகத் தேய வேண்டும்? நாள்தோறும் சக ஆசிரியையின் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பள்ளி இறக்கத்தில் இறங்குபவள் நான். அரையாண்டு விடுமுறையில் ரங்கத் வரை காரில் செல்லவும் எண்ணியிருந்தேன். அச்சாலை ஜார்வா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்கிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரத்தில் காவலரோடு அனுப்புவார்கள். காப்பகத்திற்குள் ஒருவரையொருவர் முந்தக் கூடாது. நடுவே நிறுத்தவும் கூடாது. பிரேக்கில் புகை வந்தாலும் இறங்கி நின்று பார்க்கத் தகாத சாலை அது.

மெக்கானிக்கிடம் கொண்டுசென்றேன். இராமநாதபுரத்திலிருந்து பாட்டனார் காலத்தில் இங்கு வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் தமிழ், பட்டறையில் இந்தி, பக்கத்துக் கடையில் வங்காளம் என்று மூன்று மொழியும் கலந்து பேசுபவர். அவர் காரின் முகப்பைத் திறக்கவில்லை. நான்கு சக்கரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். இடச்சக்கரத்தின் அருகே உள்ளங்கையை, தொடாமல், சற்றுத் தள்ளிக் காட்டினார். பிறகு வலச்சக்கரத்திடம். "இது கொதிக்குது டீச்சர், அது சும்மா இருக்கு" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றியபோது வலச்சக்கரம் தாராளமாகச் சுற்றியது. இடச்சக்கரம் அரைச்சுற்றில் நின்றுவிட்டது.

பேட்களைப் பற்றவைக்கும் காலிப்பர் என்னும் கவ்வி, இரண்டு இரும்பு முளைகளின்மேல் முன்னும் பின்னும் நழுவி நகரும் அமைப்புடையது. மிதிக்கும்போது நெருங்கி, கால் எடுத்ததும் தளர வேண்டும். முளைகளை நீர் புகாமல் காப்பது ஒரு சிறிய ரப்பர் உறை. அவ்வுறை கிழிந்து, உப்புநீர் புகுந்து, முளை ஒன்று துருவில் இறுகிப்போயிருந்தது. கால் எடுத்த பின்னும் பேட் வட்டை விடவில்லை. ஓடும் நேரமெல்லாம் உரசிக்கொண்டே இருந்தது. உட்புறப் பேட் தேய்ந்து தேய்ந்து அட்டையின் கனத்திற்கு வந்திருந்தது. வெளிப்புறப் பேட் பாதிக்குமேல் மீந்திருந்தது. இன்னும் சிறிது தேய்ந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசும் நிலை. இறக்கத்தில் வண்டி ஒருபுறம் இழுத்திருக்கும். பிரேக் எண்ணெய் கொதித்திருந்தால் மிதி தரை வரை இறங்கியிருக்கும்.

"இதை யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலை. சக்கரத்தைக் கழுவினேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது முன்னாடி நாலு சக்கரமும் ஒரே கறுப்பா இருந்திருக்கும். அப்ப எதைக் கண்டுபிடிக்கிறது?" என்றார். பல ஆண்டு அழுக்கு நான்கையும் ஒரே நிறமாக்கி வைத்திருந்த வரை இந்த ஒன்றின் நோய் எவர் கண்ணிலும் பட வழியில்லை. அந்த அமிலப் புட்டியை ஏற்றிருந்தாலும் சக்கரம் வெளுத்திருக்கும்தான். ஆனால் பூச்சு போய் அரிப்புண்ட பரப்பில் நான்கு சக்கரங்களும் ஒரு வாரத்தில் மீண்டும் ஒன்றுபோலக் கறுத்திருக்கும். வேறுபாடு தெரியும் காலம் கிடைத்திராது என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

முளையும் உறையும் இங்குக் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். கடற்பயணம் மூன்று நாள்தான். புறப்படும் நாளுக்குக் காத்திருப்பதுதான் நீண்டது. பதினோரு நாள் பேருந்தில் பள்ளிக்குச் சென்றேன். பிள்ளைகள் இருவரும் என்னோடு நின்று பயணம் செய்தார்கள். உப்பு விற்கும் உமணர் மேடுபள்ளம் கடக்கும் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் என்று புறநானூற்றில் ஔவையார் ஒரு வள்ளலுக்கு உவமை கூறுகிறார். உப்பும் சக்கரமும் சேர்ந்த தொழிலில் மாற்றுப்பொருள் கைவசம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இப்போது என் காரின் டிக்கியில் ஓர் இணை ரப்பர் உறை எப்போதும் இருக்கிறது.

புதிய பேட்களின் பெட்டியில் சென்னை முகவரி இருந்தது. இந்தியச் சாலைகளில் ஓடும் பிரேக்குகளில் பல சென்னையின் மேற்கு ஓரத்தில் உருவாகின்றன. பாடியிலுள்ள பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கப்பட்டது. அம்பத்தூரில் ராணே பிரேக் லைனிங் அதற்கு இரண்டாண்டு பின்னர் வந்தது. அங்கே அழுத்திச் சுட்டெடுத்த கட்டை கடல் கடந்து வந்து, இத்தீவின் இறக்கங்களில் பொடியாகி, மழையோடு கலந்து கடலுக்கே போகிறது.

கடலுக்குப் போகிறது என்பதை நான் எளிதாக எண்ணவில்லை. எங்கள் தெருவின் சாக்கடை நேரே ஜங்கிளிகாட் கரைக்கு இறங்குவது. பேட்களில் செம்பும் கலப்பதுண்டு. மிகக் குறைந்த அளவுச் செம்பு நீரில் கலந்தாலும் சால்மன் மீனின் மோப்ப ஆற்றல் கெடுகிறது என்று கண்டதால், அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2010-இல் பேடிலுள்ள செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகளில் முதன்முறையாகப் பிரேக் தூசிக்கே வரம்பு வந்தது; புகைக்குழாயைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த சட்டம் சக்கரத்தின் பக்கமும் திரும்பியிருக்கிறது. பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்பது அதன் அளவு. மின்கார் ஓட்டம் தணியும்போது மின்னாக்கியே பிடித்து நிறுத்துவதால் அதன் வரம்பு 3 மில்லிகிராம். நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான்: காரைச் சாக்கடையோரம் நிறுத்தாமல் கொல்லைப்புறச் சரளைமண்ணில் நிறுத்திக் கழுவுகிறேன். ஊதா நீர் சரளையில் இறங்குகிறது. வாரத்திற்கொரு முறை வெறும் சோப்பு நீரால் கழுவுவதால் அந்தத் திரவம் ஆண்டிற்கு இரண்டு முறைக்குமேல் தேவைப்படுவதில்லை.

மெக்கானிக் இப்போது தம் பட்டறைக்கு வரும் கார்களை முதலில் கழுவச் சொல்கிறாராம். என் மாணவன் சொன்னான். வாட்டர் சர்வீஸ் கொட்டகைக்கு அதனால் வேலை கூடியிருக்கிறது என்றும் சொன்னான்; அவன் அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சியே.

என் காரின் பின்பக்க வலச்சக்கரத்தில் பூச்சுக்கு அடியில் வெண்ணிறப் புழு ஊர்ந்ததுபோல வளைந்து வளைந்து செல்லும் தடம் ஒன்று உண்டு. அது துரு அன்று. உப்பு புகுந்த இடத்தில் அலுமினியமே அரிபட்ட தடம். எந்தத் திரவத்திற்கும் அது அசையாது. பூச்சு முழுவதையும் சுரண்டி மீண்டும் பூச வேண்டும். அவ்வேலை செய்யும் இடத்தை இவ்வூரில் நான் இன்னும் கண்டதில்லை. சென்ற ஆண்டு சுண்டுவிரல் நீளம் இருந்தது. இப்போது நட்டுக் குழியை நெருங்கிக்கொண்டிருக்கிறது.